ஒரு நிறுவனம், இரண்டு நிலக்கரி வயல்கள், ஒரே நாள் திவால்

2019 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்தில் சுமார் 600 சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் அப்பலாச்சிய மலைகளில் ஏறக்குறைய 1,100 பேருக்கும் அன்றே வேலை நின்றது. இரண்டு இடத்திலும் முதலாளி ஒருவர்தான்: பிளாக்ஜுவல் என்ற தனியார் நிறுவனம். மனு ஒன்று, நீதிமன்றம் ஒன்று, தேதியும் ஒன்று. அடுத்த நான்கு மாதங்களில் இரு வட்டாரங்களிலும் நடந்தவை மட்டும் வெவ்வேறு.

நிலக்கரித் தொழிலில் எது மண்ணின் வேலை, எது உடைமையின் வேலை என்று பிரித்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது. பொதுவாக வட்டாரம் மாறினால் நிறுவனமும் மாறிவிடும். எதன் விளைவு எது என்பது குழம்பிப்போகும். இங்கே நிறுவனம் மாறவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன். நிறுவனங்களின் பெயர் வரும்; தொழிலாளர்கள், அதிகாரிகள் என்று தனிமனிதர் எவர் பெயரும் இதில் வராது. டன் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்கச் சிறு டன், அதாவது 907 கிலோ.

பின்னணி: இரண்டு மண்

வையோமிங்கின் வடகிழக்கில் தொடங்கி மொன்டானாவுக்குள் நீள்கிறது பவுடர் ரிவர் படுகை. அங்குள்ள முக்கியமான நிலக்கரி அடுக்கு வையோடாக்–ஆண்டர்சன். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்நீர் எட்டாத நன்னீர்ச் சதுப்புகளில் உருவானது. கடல்நீர் சேராததால் கந்தகம் குறைவு, பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. கில்லெட் நகரைச் சுற்றி இந்த அடுக்கு 20 முதல் 30 மீட்டர் வரை தடிமன் கொண்டது. படுகையின் கிழக்கு விளிம்பில் தரைக்கு மிக அருகில் கிடக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் போதும், கீழே ஏழெட்டு மாடிக் கட்டட உயரத்துக்குக் கரி. சுரங்கப்பாதையும் வேண்டாம், கூரைக்கு முட்டுக்கொடுப்பதும் வேண்டாம். ராட்சத ஷவலும் லாரியும் டிராக்லைனும் வேலையை முடித்துவிடும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இது இளம் கரி. எடையில் கால்பங்குக்கு மேல் ஈரம். எரித்தால் கிடைக்கும் வெப்பம் அப்பலாச்சியக் கரியில் மூன்றில் இரண்டு பங்குதான். சுற்றுவட்டாரத்தில் பெரிய சந்தையும் இல்லை. ரயிலேற்றி ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் அனுப்பினால்தான் காசு. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் 1990-இல் வந்த அதன் திருத்தங்களும் கந்தகத்துக்கு வரம்பு வைத்த பிறகே, தொலைவில் இருந்த மின்நிலையங்கள் இந்தக் கரியைத் தேடி வந்தன. 2008-இல் அமெரிக்கா வெட்டிய சுமார் 117 கோடி டன்னில் 46 கோடிக்கும் மேல் வையோமிங் ஒன்றே கொடுத்தது.

கிழக்குக் கென்டக்கி நேர் எதிர். அங்குள்ள கரிக்கு வயது 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல். வெப்பம் அதிகம், சில அடுக்குகள் உருக்காலைக்கே தகுதியானவை. ஆனால் அடுக்குகள் மெல்லியவை. ஒன்று முதல் இரண்டு மீட்டர் இருந்தாலே நல்ல அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் இருக்கும். ஆறுகளும் ஓடைகளும் மலையை அறுத்துப் போட்டிருப்பதால் எந்த அடுக்கும் நீளமாகத் தொடராது. மலைச்சரிவில் கரி தலைகாட்டும் இடத்தில் கிடைமட்டமாகக் குடைந்து உள்ளே போவார்கள், அல்லது சரிவைச் சுற்றி வெட்டுவார்கள், அல்லது மலையுச்சியையே வெடிவைத்து எடுப்பார்கள். மலையைத் தண்ணீர் துண்டுபோட்டதால் சுரங்கங்களும் துண்டு துண்டாகவே அமைந்தன. ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் வெட்டும் கரியைக் கணக்கிட்டால் வையோமிங் பத்து மடங்குக்கும் மேல் முன்னே நிற்கும். அதில் ஆளின் திறமைக்குப் பங்கு மிகக் குறைவு. அடுக்கின் தடிமனுக்கே பெரும்பங்கு.

பின்னணி: யாருடைய கரி?

மண்ணைப் பற்றிய பேச்சு இத்தோடு முடிவதில்லை. கரிக்கு மேல் நிற்பவரும் கரிக்கு உரியவரும் இரு வட்டாரத்திலும் வெவ்வேறு ஆட்கள். ஆனால் அந்தப் பிரிவு வந்த வழி வேறு.

மேற்கில் குடியேறிகளுக்கு நிலம் கொடுத்தபோது மத்திய அரசு கீழே உள்ளதைக் கொடுக்கவில்லை. 1909, 1910 சட்டங்கள் கரியை ஒதுக்கிவைத்தன. 1916-இன் கால்நடைக் குடியேற்றச் சட்டம் எல்லாக் கனிமங்களையும் ஒதுக்கியது. புல் மாட்டுப்பண்ணைக்காரருடையது, கரி வாஷிங்டனுடையது. ஆகவே பவுடர் ரிவரில் சுரங்கம் போட விரும்பும் நிறுவனம் பெரும்பாலும் ஒரே கரி உடைமையாளரிடம் போனால் போதும். மத்திய அரசு பெரிய பெரிய துண்டுகளாகக் குத்தகைக்கு விடும். 2019-இல் திறந்தவெட்டில் வெட்டிய கரியின் மதிப்பில் 12.5 சதவீதம் ராயல்டி. தடித்த அடுக்கும் பெரிய குத்தகையும் சேர்ந்தபோது, ஆண்டுக்குக் கோடி டன் வெட்டும் ஒரு டஜன் ராட்சதச் சுரங்கங்கள் உருவாயின. மண் மட்டும் இருந்து, அதே நிலம் ஆயிரம் பட்டாக்களாகச் சிதறியிருந்தால் இந்த வடிவம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கென்டக்கியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கனிம வணிகர்கள் மலைவாழ் குடும்பங்களின் வாசலுக்கே வந்தார்கள். ஒரு ஏக்கருக்குச் சொற்பக் காசு கொடுத்து நிலத்தடி உரிமையை மட்டும் எழுதி வாங்கினார்கள். அகல்வடிவப் பத்திரம் என்று பின்னர் பெயர்பெற்ற அந்த ஆவணங்கள், கரியை எடுக்கத் தேவையான எதையும் மேற்பரப்பில் செய்யும் உரிமையையும் வாங்கியவருக்குக் கொடுத்தன. புல்டோசர் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்திராத காலத்துக் கையெழுத்தை வைத்து, அரை நூற்றாண்டு கழித்து வீட்டுத் தோட்டத்தைத் தோண்டினார்கள். 1988-இல் மாநில வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்துதான் அதற்கு அணைபோட்டார்கள். பத்திரங்கள் கைமாறி வெளியூர் நிலக் கம்பெனிகளிடம் சேர்ந்தன. அவை தாமே வெட்டுவதில்லை. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு ராயல்டி வாங்குகின்றன. மலை துண்டானது ஒரு பக்கம், குத்தகையும் துண்டானது. இன்னார் வெட்டுகிறார், இன்னாருடைய உரிமத்தில், இன்னாருடைய கரியை என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஊர் அது.

2015–2017: சுரங்கங்கள் கீழ்நோக்கிக் கைமாறுகின்றன

கதையின் நடுவில் இருப்பவை ஈகிள் பியூட், பெல் ஏர் என்ற இரண்டு வையோமிங் சுரங்கங்கள். பெல் ஏர் 1970-களின் தொடக்கத்தில் திறந்தது. படுகையின் பெருஞ்சுரங்கங்களில் மூத்த ஒன்று. முதலில் ஆமாக்ஸ், பிறகு சைப்ரஸ் ஆமாக்ஸ், அடுத்து ஒரு ஜெர்மன் குழுமம், அதன்பின் பவுண்டேஷன், 2009-இல் ஆல்ஃபா என்று உடைமை மாறிக்கொண்டே வந்தது. மலிவான இயற்கை எரிவாயு நிலக்கரியின் சந்தையைத் தின்றபோது ஆல்ஃபா 2015 ஆகஸ்டில் திவாலானது. ஆர்ச், பீபடி என்ற வேறு இரு பெரிய நிலக்கரி நிறுவனங்களும் 2016 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அதே வழியில் போயின. ஆல்ஃபாவின் நல்ல சொத்துகளை எடுத்துக்கொண்டு 2016-இல் கான்டுரா பிறந்தது. அது உருக்காலைக் கரியில் குறியாக இருந்த நிறுவனம். வையோமிங்கின் மின்நிலையக் கரி அதற்குப் பொருந்தவில்லை. 2017 டிசம்பரில் இரு சுரங்கங்களையும் பிளாக்ஜுவலுக்குத் தள்ளிவிட்டது.

ஏன் இந்த இரண்டும்? விடை மறுபடி மண்ணில் இருக்கிறது. ஒரே படுகைக்குள்ளும் கரி ஒரே தரமில்லை. தெற்கே ரைட் ஊரை ஒட்டிய சுரங்கங்களில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 8,800 வெப்ப அலகு கிடைக்கும். வடக்கே போகப் போக 8,400 பக்கம் இறங்கும். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் டன் 12 டாலருக்கு விற்கும் கரிக்கு ரயில் கட்டணம் அதைவிடக் கூடுதலாக இருக்கும்போது, வாங்குபவர் ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு வெப்பம் வருகிறது என்றுதான் எண்ணுவார். தெற்குச் சுரங்கங்களுக்கு இரண்டு ரயில் நிறுவனங்கள் போட்டிபோடும் பாதை உண்டு. கில்லெட்டுக்கு வடக்கே உள்ள ஈகிள் பியூட்டுக்கு ஒன்றே ஒன்று. மேலும் அடுக்கு மேற்கு நோக்கி மெல்லச் சாய்கிறது. குழி மேற்கே நகர நகர அகற்றவேண்டிய மேல்மண் ஆண்டுதோறும் ஏறும். படுகையில் முதலில் நட்டம் காட்டுவது வடக்குச் சுரங்கங்கள்தாம் என்பதை அடுக்கின் வரைபடமே சொல்லிவிடும். பலமான நிறுவனங்கள் அவற்றைக் கைகழுவியதும், கடைசியில் பணபலம் குறைந்த ஒருவர் கையில் அவை போய்ச் சேர்ந்ததும் தற்செயலல்ல.

அப்பலாச்சியாவிலும் இதே நேரத்தில் இதே ஓட்டம் இருந்தது. கிழக்குக் கென்டக்கியில், ஹார்லன் கவுன்டியின் (கவுன்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) லோன் மவுண்டன் சுரங்கங்களை ஆர்ச் 2017-இல் பிளாக்ஜுவலின் சகோதர நிறுவனத்துக்கு விற்றது. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, மேற்கு வர்ஜீனியாவின் சிற்றூர் ஒன்றில் தலைமையகம் கொண்ட ஒரு குடும்ப நிறுவனம் நாட்டின் பெரிய உற்பத்தியாளர்கள் வரிசைக்கு வந்தது. அதன் இரு வையோமிங் சுரங்கங்கள் 2018-இல் 3 கோடி டன்னுக்கு மேல் வெட்டின. கென்டக்கி மாநிலத்தின் எல்லாச் சுரங்கங்களும் சேர்ந்து அந்த ஆண்டு வெட்டியது சுமார் 4 கோடி. டன் மேற்கே, ஆள் கிழக்கே: நிறுவனத்தின் உடம்பு அப்படித்தான் அமைந்திருந்தது. பங்குச் சந்தையில் இல்லாததால் கணக்கு எதையும் பொதுவில் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

முதல் முடிவு: உரிமம் மாறவில்லை

இந்த ஆய்வில் நான் அதிகம் நின்று பார்த்தது இந்த இடத்தில். சுரங்கம் விற்கப்பட்டால் வெட்டும் உரிமமும், அதனுடன் நிலத்தைச் சீரமைக்கும் கடமையும், அதற்கான பிணைத்தொகையும் புதியவர் பெயருக்கு மாறவேண்டும். 1977-இன் மேற்பரப்புச் சுரங்கச் சட்டம் கேட்பது அதைத்தான். வையோமிங்கில் பிளாக்ஜுவல் விண்ணப்பித்தது. நில உடைமையாளர்கள் சேர்ந்த ஓர் அமைப்பு, இந்த நிறுவனம் சீரமைப்புச் செலவைத் தாங்குமா என்று ஆட்சேபம் எழுப்பியது. மாநில அதிகாரிகள் இழுத்துப் பிடித்தார்கள். ஒன்றரை ஆண்டு ஓடியும் உரிமம் கான்டுரா பெயரிலேயே இருந்தது. வெட்டியவர் ஒருவர், ஏட்டில் பொறுப்பாளர் இன்னொருவர்.

அந்தத் தாமதத்தை அப்போது பலர் அலுவலக மந்தம் என்றே பார்த்தார்கள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அது எரிச்சல். ஆனால் அந்த மந்தம்தான் பின்னால் மாநிலத்தைக் காப்பாற்றியது.

கென்டக்கியில் வேறொரு காகிதம் இருந்திருக்க வேண்டும். அம்மாநிலச் சட்டப்படி, அங்கே ஐந்து ஆண்டுக்குக் குறைவாகத் தொழில் செய்த சுரங்க நிறுவனம் நான்கு வாரச் சம்பளத்துக்கு ஈடான பிணையை மாநிலத்திடம் முன்கூட்டியே கட்டவேண்டும். பிளாக்ஜுவல் கட்டவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

2019 ஜூலை 1

பிளாக்ஜுவல் போட்டது, கடனை மறுசீரமைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம்தரும் 11-ஆம் அத்தியாயத் திவால் மனு. அப்படித் திவால் என்றால் தொழில் நின்றுவிடும் என்று பொருளில்லை. பீபடி, ஆர்ச், ஆல்ஃபா எல்லாம் மனு போட்ட பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தன. அந்த வழியில் வருபவர்கள் இடைக்காலக் கடனைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீதிமன்றப் படியேறுவார்கள். பிளாக்ஜுவல் கையில் அது இல்லை. எதிர்பார்த்த கடன் கைகூடாமல் அவசரமாக மேற்கு வர்ஜீனிய நீதிமன்றத்தில் மனு போட்டது. டீசல் வாங்கக்கூடப் பணமில்லாத நிலையில் சுரங்கங்களை அன்றே மூடியது. சில நாட்களில், சிறு தொகை அவசரக் கடன் கிடைப்பதற்கான நிபந்தனையாக நிறுவனத் தலைவர் விலகினார்.

வையோமிங்கில் அதிர்ச்சிக்குக் காரணம் அதன் புதுமை. பவுடர் ரிவரில் பெருஞ்சுரங்கம் ஒன்று இப்படிப் பட்டென்று கதவடைத்த நினைவு எவருக்கும் இல்லை. குழியில் தண்ணீர் தேங்காமல் பார்க்கவும், வெளிப்பட்ட கரி தானே தீப்பிடிக்காமல் கவனிக்கவும் சிலர் மட்டும் உள்ளே வைக்கப்பட்டார்கள். இளம் கரிக்குத் தானே பற்றும் இயல்பு அதிகம்.

கிழக்கே அதிர்ச்சி வங்கிக் கணக்கில் வந்தது. ஜூன் 28 சம்பளம் கணக்கில் ஏறியதாகக் காட்டி, பின் திரும்ப எடுக்கப்பட்டது. வாடகையும் கடன் தவணையும் கட்டியிருந்தவர்களின் இருப்பு ஒரே இரவில் பூச்சியத்துக்குக் கீழே போனது. அடுத்த சம்பளம் வரவே இல்லை.

ஹார்லன்: தண்டவாளத்தின் மேல் ஒரு முடிவு

ஜூலை 29 அன்று ஹார்லன் கவுன்டியின் கம்பர்லண்ட் ஊரில், மூடிய நிறுவனத்தின் ஏற்றுமுனையிலிருந்து கரி ஏற்றிய ரயில் ஒன்று கிளம்பத் தயாரானது. தங்களுக்குக் கூலி தராத கரி விற்பனைக்குப் போகிறது என்று அறிந்த சில தொழிலாளர்கள் தண்டவாளத்தில் போய் நின்றார்கள். காவலர்கள் அப்புறப்படுத்தினார்கள், அவர்கள் சற்றுத் தள்ளி மறுபடி நின்றார்கள். மறுநாள் கூடாரம் வந்தது, அடுப்பு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். சம்பளம் வராமல் நகர மாட்டோம் என்பதே கோஷம்.

ஏன் இந்த வழி? நீதிமன்ற வரிசையில் வங்கிகளும் ஈடுபெற்ற கடன்காரர்களும் முன்னால் நிற்க, தொழிலாளி எங்கோ பின்னால். கையில் பிடித்து நிறுத்தக்கூடியதாக அவர்களுக்கு இருந்த ஒரே பொருள் அந்த ரயில். சுற்றிலும் செங்குத்து மலை, பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம். கரி வெளியேற வேறு வழியில்லை. ஒருநாள் முழுக்க வண்டிகளை வரிசையாக நிரப்பி அனுப்பும் வையோமிங் சமவெளியில் ஐந்தாறு பேர் நின்று இதைச் சாதித்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். 1930-களிலும் 1973-லும் வேலைநிறுத்தங்களுக்குப் பெயர்போன ஊர் அது என்பதும் உண்மை. ஆனால் இம்முறை நின்றவர்களுக்குப் பின்னால் தொழிற்சங்கம் இருக்கவில்லை.

ஆகஸ்டில் மத்தியத் தொழிலாளர் துறை உள்ளே வந்தது. கூலி கொடுக்காமல் செய்த பொருளை மாநில எல்லை தாண்டி விற்கக்கூடாது என்ற பழைய சட்டப்பிரிவைக் காட்டி, அந்தக் கரியை நகர்த்தக்கூடாது என்று நீதிமன்றத்தில் வாதிட்டது. தண்டவாளத்தில் நின்றவர்கள் உடம்பால் செய்ததையே துறை சட்டத்தால் செய்தது. மறியல் ஏறத்தாழ இரண்டு மாதம், செப்டம்பர் இறுதிவரை நீடித்தது. வேறு வேலை கிடைத்தவர்கள், படிக்கப் போனவர்கள் என ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் சிலரே இருந்தார்கள். அக்டோபரில் உடன்பாடு வந்தது. 50 லட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட நிலுவைக் கூலி அப்பலாச்சியத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பிறகே ரயில் நகர்ந்தது.

விற்பனை: துண்டுகளும் முழுசும்

ஆகஸ்டில் நீதிமன்றம் சொத்துகளை ஏலத்துக்கு விட்டபோது இரு வட்டாரங்களின் மண்ணும் உடைமையும் மறுபடி வெளியே தெரிந்தன.

கிழக்கே சுரங்கங்கள் சில்லறையாக விற்றன. நல்ல அடுக்கும் கழுவும் ஆலையும் ரயில் ஏற்றுமுனையும் சேர்ந்திருந்தவற்றுக்கு ஆள் வந்தார்கள். ஹார்லனில் சிலவற்றைக் காப்பர் குளோ என்ற நிறுவனம் எடுத்தது. நிலுவைச் சம்பளத்துக்கும் ஒரு பங்கு தர ஒப்புக்கொண்டது. மெல்லிய அடுக்கு, மின்நிலையக் கரி, பாதி வெட்டிய சரிவு இவற்றை மட்டும் கொண்ட உரிமங்களை எவரும் சீண்டவில்லை.

மேற்கே துண்டுபோட எதுவும் இல்லை. ஒரு குழி, ஒரு குத்தகைத் தொகுப்பு, ஒரு சீரமைப்புக் கடமை. எடுத்தால் முழுதாக எடுக்கவேண்டும். முதலில் முன்வந்தது பழைய கான்டுராவே. வேண்டாமென்று தள்ளிய சுரங்கத்தை இருபது மாதத்தில் திரும்ப வாங்க ஏன் வந்தது? உரிமம் அதன் பெயரில் இருந்ததால். எவரும் எடுக்காவிட்டால் இரு மாபெரும் குழிகளை மூடிப் புல் முளைக்கவைக்கும் செலவு, 20 கோடி டாலருக்கும் மேற்பட்ட பிணையோடு, அதன் தலையில்தான் விடியும்.

ஆனால் கரியின் சொந்தக்காரர் குறுக்கே நின்றார். மத்திய அரசுக்கு ராயல்டியாக 5 கோடி டாலர் அளவுக்குப் பாக்கி. குத்தகையைக் கைமாற்ற அதன் ஒப்புதல் வேண்டும். பாக்கிக்கு வழி சொல்லாமல் ஒப்புதல் இல்லை என்றது. கென்டக்கியில் சிதறிக் கிடந்த நிலக் கம்பெனிகளுக்கு இப்படி ஒரே பிடியாகப் பிடிக்கும் கை இல்லை. பேச்சு இழுத்தது. செப்டம்பரில் மூன்றாவதாக ஒரு நிறுவனம் வந்தது: அலபாமாவைச் சேர்ந்த குழுமம் ஒன்றின் கிளையான ஈகிள் ஸ்பெஷாலிட்டி மெட்டீரியல்ஸ். கான்டுரா அதற்கு 9 கோடி டாலர் கொடுத்து, சுரங்கத்தையும் கடமையையும் சேர்த்து ஏற்கச் செய்தது. விற்றவர் வாங்குபவருக்குப் பணம் தரும் வியாபாரம் வெளியாருக்கு வேடிக்கையாகத் தெரியலாம். சாகும் தருவாயில் உள்ள சுரங்கத்தின் மதிப்பு எதிர்மறையாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கேடும் காட்டாது.

அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. மாத இறுதியில் ஷவல்கள் இயங்கின. பழைய ஆட்களில் பலர் திரும்பினார்கள். பலர் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

பின்னர்

வையோமிங்கில் இந்தச் சுரங்கங்கள் உள்ள கேம்ப்பெல் கவுன்டிக்குக் கோடிக்கணக்கான டாலர் உற்பத்தி வரி வரவேண்டியிருந்தது. வெட்டி ஒன்றரை ஆண்டு வரை கழித்துச் செலுத்தலாம் என்ற பழைய ஏற்பாட்டில், அரசே அறியாமல் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த கதையாகிவிட்டது. பாக்கியில் ஒரு பகுதிதான் தேறியது. அதன் பிறகு மாநிலம் சட்டத்தை மாற்றி மாதாமாதம் வசூலிக்கும் முறைக்கு வந்தது. கான்டுரா 2021-இல் தன் பெயரிலேயே உருக்காலைக் கரியைச் சேர்த்துக்கொண்டு ஆல்ஃபா மெட்டலர்ஜிகல் ஆனது.

அப்பலாச்சியாவில் முடிவு இவ்வளவு நேர்த்தியாக இல்லை. 2021 மார்ச்சில் நீதிமன்றம் கலைப்புத் திட்டத்தை ஏற்றபோது நூற்றுக்கும் மேற்பட்ட உரிமங்கள் இன்னும் அந்தரத்தில் இருந்தன. வெட்டவும் இல்லை, சீரமைக்கவும் இல்லை. செங்குத்துச் சரிவில் பாதியில் விட்ட வெட்டுமுகம் மழைக்குச் சரியும். கீழே ஓடையும் வீடுகளும் இருக்கும். வையோமிங்கில் பெரிய கடமை ஒரே இடத்தில் இருந்ததால் அதைச் சுற்றி மூவர் உட்கார்ந்து பேரம் பேச முடிந்தது. கென்டக்கியில் கடமை நூறு சிறு துண்டுகளாகச் சிதறியிருந்ததால் எந்தத் துண்டுக்கும் பேரம் பேசும் அளவுக்கு எடை இல்லை.

எனக்குத் தெரிந்தவரை எது எதைச் செய்தது

எந்தச் சுரங்கம் மீண்டும் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் அடுக்கே தீர்மானித்தது. 25 மீட்டர்க் கரிக்கு நெருக்கடியிலும் ஒரு வாங்குபவர் கிடைத்தார்; ஒரு மீட்டர்க் கரிக்கு, உருக்காலைத் தரம் இருந்தாலொழிய, கிடைக்கவில்லை. ஆனால் நட்டத்தை யார் சுமந்தார்கள் என்பது மண்ணைக் கேட்டு நடக்கவில்லை. உரிமத்தில் யார் பெயர், குத்தகை யாருடையது, பிணை கட்டப்பட்டதா என்ற மூன்று காகிதங்கள் அதைத் தீர்மானித்தன. வையோமிங்கில் மூன்றுக்கும் விடை இருந்தது. கென்டக்கியில் சம்பளப் பிணைக்கு விடை இல்லை; அதன் விலையைத் தண்டவாளத்தில் நின்றவர்கள் கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நிறுவனம் ஒன்றே என்றாலும் சந்தை ஒன்றல்ல. 2019-இல் உருக்காலைக் கரிக்குக் கேட்பு ஒரு வழியில் போனது, மின்நிலையக் கரிக்கு வேறு வழியில். ஆகவே கிழக்கு–மேற்கு வேறுபாடு முழுவதையும் தடிமன் கணக்கிலோ பத்திரக் கணக்கிலோ எழுதிவிட முடியாது.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவேன்

மாநிலத் தொழிலாளர் துறையின் இடத்தில் இருந்தால், புதிய நிறுவனம் வெட்டும் உரிமம் கேட்டு வரும் அன்றே சம்பளப் பிணைச் சீட்டைக் கேட்பேன். இரண்டு அலுவலகங்கள் ஒரே விண்ணப்பத்தைப் பார்க்காததால்தான் அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றது. சட்டம் போதாது என்று சொல்ல இங்கே இடமில்லை.

சுரங்க உரிமத் துறையில் இருந்தால், உரிமம் மாறும்வரை வாங்கியவர் வெட்டத் தொடங்கக்கூடாது என்பேன். வையோமிங்கில் தாமதம் நன்மையில் முடிந்தது அதிர்ஷ்டம். பழைய பொறுப்பாளர் அப்போது பணத்தோடு உயிருடன் இருந்தார். அவரும் திவாலாகியிருந்தால் அந்தப் பெயர் வெறும் பெயர்தான்.

ஏலத்தை நடத்துபவரிடம் இன்னொன்றையும் கேட்பேன். அப்பலாச்சியாவில் நல்ல அடுக்கைத் தனியே விற்காமல், அதோடு ஒட்டிய நான்கைந்து சீரமைப்புக் கடமைகளையும் சேர்த்தே விற்க முடியாதா? விலை குறையும், கடன்காரர்கள் எதிர்ப்பார்கள். ஆனால் கழித்துப்போட்ட உரிமங்களின் செலவு கடைசியில் மாநிலப் பிணை நிதியின் மேல் விழும். அந்த நிதிக்குக் கட்டணம் கட்டுவது மீதமிருக்கும் நிறுவனங்கள். அவையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன.

கில்லெட்டில் ஈகிள் பியூட், பெல் ஏர் குழிகளில் கரி வெட்டுவது தொடர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் குழி சற்று மேற்கே நகர்கிறது, மேல்மண் சற்றுக் கூடுகிறது. அடுத்த முறை அவை கைமாறும்போது உரிமத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.